பண்ணைக்குட்டை வெட்டும்போது கிடைத்த கையடி இரும்புக் கருவிகள்: காலத்தை எப்படி அறிவது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் படுகையில், எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. கோடையில் அங்கே பண்ணைக்குட்டை வெட்டுவதற்காகப் பொக்லைன் வைத்து மண் எடுத்தபோது நான்கு இரும்புப் பொருள்கள் வெளிப்பட்டன. முதலாவது, காம்புத்துளை உள்ள ஒரு கோடரித் தலை. ஏறத்தாழ ஒரு சாண் நீளம், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. இரண்டாவது, பிடிக்குள் செருகும் வாலோடு கூடிய அரிவாள், நுனி முறிந்திருக்கிறது. மூன்றாவது, ஏர்க்கொழுவைப் போல முக்கோணமாக மடித்த ஒரு தகடு; அதன் ஒரு பக்கத்தில் கறுப்பாகக் கல்போல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்காவது, தலை நசுங்கிக் காளான் குடைபோல் விரிந்த ஒரு கனத்த உளி.

எல்லாவற்றின் மேலும் துரு தடிப்பாக ஏறியிருக்கிறது. எந்திரத்தில் செய்தவையாகத் தெரியவில்லை. கொல்லர் உலையில் காய்ச்சி அடித்தவை என்றே ஊரில் பெரியவர்களும் சொல்கிறார்கள். குட்டையின் ஒரு பக்கச் சுவரில், செம்மண்ணுக்குக் கீழே சாம்பல் கலந்த கருமண் அடுக்கு ஒன்று தெரிகிறது. வெட்டிக் குவித்த மண்ணில் பானை ஓடுகளும் கிடந்தன. சில ஓடுகள் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இரும்புப் பட்டறைகள் அகழாய்வில் வெளிப்பட்ட கொடுமணல் எங்களுக்கு வெகுதூரமில்லை என்பதால், இவை அந்தக் காலத்தவையாக இருக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டது. இவற்றின் காலத்தை எப்படி அறிவது என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இதுவரை எதையும் தேய்க்கவோ கழுவவோ இல்லை.

வரலாற்றார்வலன் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி ஐயா. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிக்கை வெளியிட்டதை அறிந்திருப்பீர்கள். அதற்கு முன்பே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு வந்தது. கறுப்பு சிவப்பு ஓடுகளும் உடன் கிடைத்திருப்பதால் உங்கள் கருவிகள் குறைந்தது 2500 ஆண்டுப் பழமை உடையவையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். துரு ஏறியிருக்கும் தடிப்பும் அதையே காட்டுகிறது அல்லவா?

மண்ணடுக்கு எழுதியது:

வணக்கம் ஐயா. சில அகழாய்வுக் குழிகளில் வேலை செய்த பழக்கத்தில் எழுதுகிறேன். ஆர்வலர் நண்பர் குறிப்பிட்ட ஆண்டுகள் சரிதான். அந்தக் காலக்கணிப்புகள் எப்படிக் கிடைத்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. சிவகளையில் அந்த ஆண்டுகளைத் தந்தவை தாழிகளுக்குள் இரும்போடு சேர்ந்திருந்த கரித்துண்டுகளும், ஒளிர்வு முறையில் (பொருள் கடைசியாகச் சூடேறிய காலத்தைக் காட்டும் முறை) ஆராய்ந்த மட்பாண்டங்களும். இரும்பின் தோற்றத்தைப் பார்த்தோ, துருவின் தடிப்பை அளந்தோ யாரும் அந்தக் காலத்தைச் சொல்லவில்லை. அத்தனை தொன்மையான காலம் வேறு இடங்களிலும் உறுதிப்பட வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், அங்கே இரும்புக்குக் காலம் சொன்னது அது கிடந்த இடமும் உடன் கிடந்த பொருள்களும்தான்.

துரு காலம் காட்டாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நல்ல களிமண்ணில், காற்றுப் புகாத ஆழத்தில், ஆயிரம் ஆண்டு கிடந்த இரும்பு உறுதியான உள்ளுலோகத்தோடு வெளிவரலாம். பாசனத்தால் நனைந்தும் காய்ந்தும் மாறிமாறிக் கிடக்கும் மேல்மண்ணில் ஐம்பது ஆண்டு கிடந்த கம்பி உருத்தெரியாமல் போகலாம். நாம் வயலுக்கு இடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு இரும்பை அரிக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. உப்பு நீர்க் கிணற்றுப் பாசனமும் அப்படியே. எனவே உரமிட்டு உழுத நிலத்தில் கிடைக்கும் தடித்த துரு முதுமைக்குச் சான்று ஆகாது.

வடிவமும் ஓரளவுக்கே உதவும். மட்பாண்டத்தின் விளிம்பும் வண்ணமும் சில நூற்றாண்டுகளுக்குள் மாறிவிடுவதால் அதைக் கொண்டு காலத்தை நெருங்கலாம். அரிவாளும் கொழுவும் உளியும் அப்படியல்ல. வேலை மாறாதவரை கருவி மாறாது. பெரிய கற்களால் கல்லறை எழுப்பிய பெருங்கற்காலத்தில், அந்தக் கல்லறையில் கிடைக்கும் அரிவாளையும் நம் தாத்தா காலத்து அரிவாளையும் பக்கத்தில் வைத்தால் வளைவில் பெரிய வேறுபாடு தெரியாமல் போவதுண்டு. விதிவிலக்காகச் சில வடிவங்கள் உண்டு. மகாராட்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில் மாஹுர்ஜரி, நாய்குண்டு போன்ற பெருங்கற்கால இடங்களில் கிடைத்த தட்டைக் கோடரிகளுக்குக் காம்புத்துளை கிடையாது. குறுக்கே போட்ட இரும்புப் பட்டைகளால் காம்போடு இறுக்கியிருக்கிறார்கள். அத்தகைய வடிவம் வந்தால் காலத்தைப் பற்றி ஏதாவது பேசலாம். துளையுள்ள கோடரி அந்த அளவுக்குத் தகவல் தராது.

ஆகவே உங்களிடம் சில கேள்விகள். நான்கு பொருள்களும் ஒரே ஆழத்திலிருந்து வந்தனவா, பொக்லைன் ஓட்டியவரும் உடன் நின்றவர்களும் எதைப் பார்த்தார்கள்? சாம்பல் அடுக்கு சுவர் முழுதும் ஓடுகிறதா, அல்லது ஒரு குழியின் வாயைப் போல் ஓரிடத்தில் மட்டும் கீழிறங்குகிறதா? அந்த நிலத்தில் எப்போதாவது குளத்து வண்டல் ஏற்றியிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வண்டலும் கரம்பையும் குப்பையும் வண்டிவண்டியாக வயலுக்குப் போயிருக்கின்றன. மேல்மண்ணில் கிடக்கும் ஓடும் இரும்பும் அந்த வயலுக்கே உரியவை என்று சொல்ல முடியாது. குளக்கரையில் எவரோ தவறவிட்டது வண்டலோடு வந்திருக்கலாம். இன்னொன்று: குவித்த மண்ணில் சீமை ஓடு (ஆலையில் செய்த கூரை ஓடு), கண்ணாடித் துண்டு, பீங்கான், காசு ஏதும் உண்டா என்று பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அத்தகைய பள்ளம் பதித்த ஓட்டின் ஒரு துண்டு ஓர் அடுக்குக்குள் உண்மையிலேயே கிடந்தால், அந்த அடுக்கு 1865க்குப் பிறகுதான் மூடியிருக்கிறது. கோலி சோடாக் குப்பியின் கழுத்து கிடைத்தால் 1870களுக்கு முன்னால் போக முடியாது. கறுப்பு சிவப்பு ஓடு எவ்வளவு பழமையானாலும், அதனோடு ஒரே அடுக்கில் சீமை ஓடு இருந்தால் அந்த அடுக்கின் வயது சீமை ஓட்டின் வயதுதான்.

பட்டறைமகன் எழுதியது:

ஐயா, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொல்லுப்பட்டறை வைத்திருந்தது. கையடியா எந்திர வேலையா என்று பார்ப்பது பற்றிச் சொல்கிறேன். மண்ணைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதே போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கையால் அடித்தது என்பதனாலேயே ஒரு கருவி பழையது ஆகிவிடாது. திருப்பாச்சேத்தியில் இன்றைக்கும் உலையில் காய்ச்சித்தான் அரிவாள் அடிக்கிறார்கள். அதற்கு எடுக்கும் இரும்பு பெரும்பாலும் லாரியின் வில்பட்டை. ஆகவே 'எப்படிச் செய்தார்கள்' என்ற கேள்வியைவிட 'எந்த இரும்பில் செய்தார்கள்' என்ற கேள்விதான் காலத்துக்கு அருகில் கொண்டுபோகும்.

பழைய முறையில், ஊதுலையில் கனிமத்தையும் கரியையும் போட்டு எடுத்த இரும்பு முழுதாக உருகியதே இல்லை. பஞ்சுபோன்ற கட்டியாக வரும். அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கிட்டத்தை, அதாவது உலோகம் அல்லாத கசடை, பிழிந்து வெளியேற்றினாலும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அடிக்க அடிக்க அது இழை இழையாக நீளும். இப்படிப்பட்ட இரும்பு மண்ணில் அரிக்கும்போது இழைகளின் வழியே பிரிந்து, கட்டையின் நார் தெரிவதுபோல் நீளக்கோடுகளாக வரும். ஆலையில் உருக்கி ஊற்றிய எஃகில் இந்த நார் இருக்காது. அது குழிகுழியாகவோ, செதில்செதிலாகவோ அரிக்கும். உங்கள் கோடரியில் துரு தானாகவே உதிர்ந்த இடம் ஏதாவது இருந்தால், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சுரண்ட வேண்டாம்.

நார் தெரிந்தால் உடனே சேரர் காலம் என்று எண்ணிவிடவும் கூடாது. 19ஆம் நூற்றாண்டு முழுதும் சீமையிலிருந்து வந்த பாளத்திலும் இதே நார் உண்டு. அதுவும் கிட்டம் கலந்த இரும்புதான். ஆங்கிலேயக் கம்பெனிக்காக நாட்டைச் சுற்றி ஆராய்ந்த புக்கானன் 1800–01இல் கோவை, சேலம் பக்கம் வந்தபோது ஊர் உலைகள் எரிந்துகொண்டிருந்ததை எழுதிவைத்தார். அந்த உலைகள் அவிந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆக, நார் உள்ள இரும்பு என்றால் இரும்பு தோன்றிய நாள்முதல் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பு வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். நார் இல்லாத, ஒரே சீரான எஃகு என்றால் 1856இல் எஃகைப் பெருமளவில் செய்யும் பெஸ்ஸிமர் முறை வந்ததற்குப் பிந்தியதாக இருக்கும் வாய்ப்பே மிகுதி. மூசை என்னும் மண்கலத்தில் உருக்கிய நம் பழைய எஃகும் சீரானதே என்பதால்தான் 'மிகுதி' என்று நிறுத்துகிறேன். ஆனால் அதைக் கோடரி முழுதுக்கும் வாரிக்கொட்டி எவரும் செய்ததில்லை, அவ்வளவு அருமையான பொருள்.

அடுத்தது கோடரியின் கட்டுமானம். கையடிக் கோடரியில் காம்புத்துளை இரண்டு விதமாக வரும். ஒன்று, கட்டி இரும்பைக் காய்ச்சித் துளையுளியால் குத்தி விரிப்பது. அதில் துளையின் இரு பக்கமும் சற்றுப் புடைத்திருக்கும், நடுவில் துளை குறுகியிருக்கும். மற்றொன்று, பட்டையை ஒரு அச்சுக்கம்பியின் மேல் மடித்து, இரு முனையையும் வெண்சூட்டில் மணல் தூவி அடித்து ஒட்டவைப்பது. அதில் துளைக்கு முன்னால், வாயை நோக்கி, ஒட்டின் கோடு ஒன்று ஓடும். மண்ணில் கிடந்த கோடரியில் அந்தக் கோடுதான் முதலில் வாய் திறக்கும், ஏனென்றால் ஒட்டில் மாட்டிய கிட்டத்தின் வழியே ஈரம் உள்ளே போகிறது. மெல்லிரும்பு வாய் கூர் நிற்காது என்பதால் இரண்டு இதழ்களுக்கும் நடுவில் எஃகுத்துண்டு ஒன்றை வைத்து ஒட்டி, அந்த வாய்க்கு மட்டும் துவைச்சல் (காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினமாக்குவது) கொடுப்பார்கள். இரும்பும் எஃகும் ஒரேமாதிரி அரிப்பதில்லை. வாய் ஓரத்தில் துருவின் நிறமோ மேடுபள்ளமோ ஒரு கோடு போட்டதுபோல் மாறுகிறதா பாருங்கள்.

உளியைப் பற்றி ஒரே கேள்வி: அதன் தண்டு எத்தனை பட்டை? பட்டைகள் எல்லாம் ஒரே அகலமா?

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே பார்த்தேன். கோடரியில் துளைக்கு முன்னால் இருபுறமும் மெல்லிய பிளவு ஓடுகிறது. வாய்க்கு இரண்டு விரற்கடை மேலே துருவின் நிறம் மாறுகிறது, அதற்குக் கீழே கறுப்பு, மேலே மஞ்சள் கலந்த பழுப்பு. மேற்புறத்தில் செதில் விழுந்த ஓரிடத்தில் நீளவாக்கில் நார் நன்றாகத் தெரிகிறது. துளைக்குள் காம்பின் மிச்சம் போல ஏதோ இருக்கிறது, ஆனால் கட்டை அல்ல, துருவாகவே மாறியிருக்கிறது. உளியின் தண்டு எட்டுப்பட்டை. அளந்ததில் எட்டும் ஒரே அகலம், அடியிலிருந்து நுனிவரை மாற்றமில்லை.

பொக்லைன் ஓட்டிய தம்பியிடமும் விசாரித்தேன். கோடரியும் உளியும் முதல் நாளே, செம்மண் எடுக்கும்போது, இடுப்பளவு ஆழத்துக்குள் வந்துவிட்டன என்கிறார். உளி கிடந்த இடம் பழைய கிணற்று மேட்டை ஒட்டியது. கொழு போன்ற பொருள் மட்டும் கருமண் அடுக்கைத் தொட்டபோது வந்தது. அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்ததால் நன்றாக நினைவிருக்கிறது என்கிறார். அரிவாள் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, குவியலிலிருந்து பொறுக்கியது. செம்மண் குவியலில் பள்ளம் பதித்த சீமை ஓடு ஒன்றும் கிடைத்தது. கருமண் குவியலில் சீமை ஓடு இல்லை. கறுப்பு சிவப்பு ஓடுகளும், கல்போல் கனத்த கறுப்புக் கட்டிகளும் உள்ளன. சாம்பல் அடுக்கு சுவர் முழுதும் ஓடவில்லை, கிண்ணம் வைத்ததுபோல் ஓரிடத்தில்தான் இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் இந்த நிலத்துக்கு வண்டல் அடித்தது உண்மை.

பழம்பொருள்பிரியன் எழுதியது:

ஐயா, துருவை எடுப்பது எளிது. வினிகரில் இரண்டு நாள் ஊறப்போடலாம், அல்லது சலவைச் சோடா கரைத்த நீரில் பேட்டரி இணைப்புக் கொடுத்து மின்பகுப்பு செய்யலாம். பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் பூசினால் பளபளவென்று வந்துவிடும். முத்திரை ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா? யூடியூபில் நிறையக் காணொளிகள் இருக்கின்றன.

உலோகக்காப்பு எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பரணில் கிடந்த, உள்ளே முழு உலோகமாக இருக்கும், சென்ற நூற்றாண்டுச் சுத்தியலுக்கு அந்த முறைகள் பொருந்தும். மண்ணிலிருந்து வந்த பழைய இரும்பின் நிலை வேறு. நெடுங்காலம் அரித்த இரும்பில், கொல்லர் கடைசியாக அடித்து முடித்தபோது இருந்த மேற்பரப்பு இப்போது உலோகத்தில் இல்லை. அது துருவின் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. வெளியில் மண்ணும் மணலும் கலந்த துரு, அதற்குள் அடர்ந்த கறுப்புத் துரு, அதற்கும் உள்ளே எஞ்சிய உலோகம் என்று பிரித்துக்கொண்டால், மூல வடிவம் அநேகமாக அந்த அடர்ந்த அடுக்கின் வெளி எல்லையில் தங்கியிருக்கும். அமிலம் எல்லாவற்றையும் கரைத்துவிட்டுக் குழிவிழுந்த உள்ளுலோகத்தைத்தான் மிச்சம் வைக்கும். அதற்குப் பிறகு அரிவாளின் அலகு எவ்வளவு அகலம், வாயில் பல் வெட்டியிருந்ததா, சாணை பிடித்துத் தேய்ந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

கோடரித் துளைக்குள் இருப்பதாக ஐயா எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். இரும்பு அரிக்கும்போது கசியும் உப்புகள் காம்பின் மரத்துக்குள் ஊறி, மரம் மக்குவதற்குள் அதன் உயிரணு அமைப்பை அப்படியே படியெடுத்துவிடும். பார்வைக்குத் துருதான், ஆனால் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் மரத்தின் குழல்களும் கதிர்களும் தெரியும், பல நேரங்களில் எந்த மரவகை என்றே சொல்லிவிடலாம். பிணத்தோடு புதைத்த வாளின் மேல் துணியின் நெசவு பதிந்திருப்பதும் இப்படித்தான். வினிகரில் முதலில் கரைவது இதுதான்.

இப்போது செய்ய வேண்டியது, பொருளை மேலும் கெடவிடாமல் நிறுத்துவது. மண்ணுக்குள் ஒரு சமநிலையில் இருந்த இரும்பு வெளியே வந்து காற்றும் ஈரமும் பட்டதும் மறுபடி வேகமாக அரிக்கத் தொடங்கும். துருவுக்குள் தங்கிய குளோரைடு அதற்குக் காரணம். சில வாரங்களில் மேலே சிறு சிறு மஞ்சள் பழுப்புத் துளிகள் வியர்வை அரும்புவதுபோல் வந்தாலோ, செதில்கள் கழன்று அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தாலோ, அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் தாராளமாகப் போட்டு, பொருளைத் துளையிட்ட பாலித்தீன் பையில் வைத்து மூடுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இந்த அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். ஈரம் உறிஞ்சி நிறம் மாறிய ஜெல்லை அடுப்பில் மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். எண்ணெய், மெழுகு, வார்னிஷ் எதுவும் இப்போது வேண்டாம். குளோரைடை உள்ளே வைத்து மூடுவதால் பயனில்லை, பிற்பாடு சோதனை செய்வதற்கும் இடையூறு.

முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்ரே) போதும். துருவைத் தொடாமலேயே உள்ளே எஞ்சிய உலோகம், ஒட்டின் கோடு, எஃகு வாய் எல்லாம் படத்தில் வந்துவிடும். குளோரைடை நீக்கும் காரக்கரைசல் முறை உண்டு. அது ஆய்வகத்தில், மாதக்கணக்கில், அளந்து அளந்து செய்வது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930களிலிருந்தே இருக்கிறது. பொருளின் சிறப்பு உறுதியானால் அத்தகைய கைகளில் போய்ச்சேர வேண்டும்.

வரலாற்றார்வலன் எழுதியது:

விளக்கங்களுக்கு நன்றி அம்மா. ஓர் ஐயம். சேலம் மாவட்டத்து மாங்காடு, தெலுங்கனூர் ஊர்களில் கிடைத்த வாள்களுக்கு இரும்பையே நேரடியாக ஆராய்ந்து காலம் கண்டதாகப் படித்தேன். அப்படியானால் அடுக்கு தெரியாத அரிவாளுக்கும் அந்த வழி இருக்கிறதல்லவா?

மண்ணடுக்கு எழுதியது:

வழி இருக்கிறது, ஆனால் எல்லா இரும்புக்கும் இல்லை. எஃகில் உள்ள கரிமம் உலையில் போட்ட மரக்கரியிலிருந்து வந்தது. அந்த மரம் வெட்டப்பட்ட காலத்தைக் கரிமம் 14 (காலப்போக்கில் ஒரு சீராகக் குறையும் கதிரியக்கக் கரிமம்) காட்டும். 1960களின் இறுதியில் இந்த முறை தொடங்கியபோது பெருமளவு உலோகத்தை அழிக்க வேண்டியிருந்தது. கரிமம் 14ஐ எண்ணும் இன்றைய முடுக்கி நிறமாலைமானிக்கு ஒரு மில்லிகிராம் அளவு கரிமமே போதும். ஒரு விழுக்காடு கரிமம் உள்ள எஃகு என்றால் நூறு மில்லிகிராம் உலோகத்தில் அது கிடைத்துவிடும். தெலுங்கனூர் வாள் உயர் கரிம எஃகு என்பதால்தான் கி.மு. 1435–1233 என்ற கணிப்பு கைகூடியது; மாங்காட்டுக்குக் கி.மு. 1604–1416. மெல்லிரும்பில் கரிமம் மிகக் குறைவு, அதற்கு ஒரு கிராமோ மேலுமோ நல்ல உலோகம் வேண்டும். முழுதும் துருவாகிவிட்ட பொருளில் பெரும்பாலும் முடியாது.

சிக்கல்கள் வேறும் உண்டு. நூறாண்டு வளர்ந்த மரத்தின் வைரத்தைக் கரியாக்கியிருந்தால் காலம் அந்த அளவுக்கு முன்னால் போகும். பழைய இரும்பையும் புதிய இரும்பையும் சேர்த்து அடித்திருந்தால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் ஆண்டு வரும். இரும்பை எவரும் வீணாக்காத ஊரில் அது அரிதல்ல. நிலக்கரியில் காய்ச்சிய ஆலை இரும்பை அனுப்பினால் கரிமம் 14 ஏறக்குறைய இருக்கவே இருக்காது, பல்லாயிரம் ஆண்டுப் பழமை என்று பொய்யாகக் காட்டும். கொடுமணல் காலத்துக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் கரிமம் 14 அளவைத் திருத்தும் வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுக்குள் எந்த ஆண்டு என்று பிரித்துச் சொல்வது கடினம். இடம் தெரியாத ஓர் அரிவாளுக்காக உலோகத்தை வெட்டிக் கொடுக்க எந்த ஆய்வகத்தையும் நான் கேட்க மாட்டேன்.

ஆனால் கருமண் குழியைப் பற்றி ஐயா எழுதியது என்னை எழுந்து உட்கார வைத்தது. கிண்ணம் போன்ற சாம்பல் குழி, கனத்த கறுப்புக் கட்டிகள், கிட்டம் ஒட்டிய இரும்பு மூன்றும் சேர்ந்தால் அது உலையோ பட்டறையோ இருந்த இடமாக இருக்கலாம். கட்டிகளை உடைக்காமல் பாருங்கள். மேல் தட்டையாக, பாகு வழிந்து உறைந்தது போன்ற மடிப்புகளோடு இருந்தால் கனிமத்தை உருக்கிய உலையிலிருந்து வடித்த கிட்டம். ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் கும்பாவின் அடிபோல் குவிந்திருந்தால் கருவி அடிக்கும் கொல்லுலையின் அடியில் தங்கியது. குவியல் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துக் காயவைத்து, பாலித்தீன் சுற்றிய காந்தத்தை அதன்மேல் நகர்த்துங்கள். சம்மட்டி அடியில் தெறித்த மெல்லிய செதில்களும், ஒட்டவைக்கும்போது சிதறிய குண்டூசித் தலை அளவு உருண்டைகளும் ஒட்டினால், அங்கே பட்டறை இருந்தது உறுதி. கொழு அங்கே செய்யப்பட்டதா, செப்பனிட வந்ததா என்பது வரை அதன்பிறகு பேசலாம். சுவரில் தெரியும் குழியை மட்டும் யாரும் தோண்ட வேண்டாம். அதற்குள் இருக்கும் கரித்துண்டு, முறைப்படி எடுத்தால், இந்த நான்கு கருவிகளும் சேர்ந்து சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

சட்டத்துணை எழுதியது:

ஒரு குறிப்பு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருள் என்ன, எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்பவை அதில் இருக்க வேண்டும். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் தண்டனை உண்டு. நூறாண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும் என்பதால் உரிமமின்றி விற்பனைத் தொழிலில் இறங்க முடியாது, வெளிநாட்டுக்கும் அனுப்ப முடியாது. வட்டாட்சியர் வழியாக மனு கொடுத்து, நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்பி, ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஊர்ப்பெயரையும் சர்வே எண்ணையும் இங்கே எழுத வேண்டாம். இரவோடிரவாகத் தோண்ட வருகிறவர்கள் இத்தகைய இணைய உரையாடல்களையும் படிக்கிறார்கள்.

பட்டறைமகன் எழுதியது:

கருவி ஒவ்வொன்றைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உளி ஆலையில் உருட்டிய எட்டுப்பட்டைக் கம்பியில் செய்தது. கையால் அடித்த பட்டை எட்டும் ஒரே அகலத்தில் அடியிலிருந்து நுனிவரை வராது. கிணற்று மேட்டை ஒட்டிக் கிடைத்ததால் பாறை உடைக்கக் கொண்டுவந்தது. சென்ற நூற்றாண்டுக் கருவி. தலை விரிந்திருப்பதைப் பார்த்தால் நிறைய உழைத்திருக்கிறது. கோடரி மடித்து ஒட்டி, எஃகு வாய் ஏற்றிய நல்ல வேலை. செம்மண்ணில் மேலாகக் கிடந்ததும் சீமை ஓடு உடன் வந்ததும் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமோ என்று வைக்கலாம். ஊர் உலை இரும்பா, சீமைப் பாளமா என்பதை ஆய்வகம்தான் கிட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒட்டைப் போட்டவர் கை தேர்ந்தவர், ஐயா. நூறாண்டு மண்ணில் கிடந்தும் இதழ்கள் பிரிந்து போகவில்லை. அரிவாளுக்கு நான் காலம் சொல்ல மாட்டேன்.

மண்ணடுக்கு எழுதியது:

பட்டறைக்காரர் சொன்ன வரையறையை அப்படியே ஏற்கிறேன். மனுவோடு வைக்கும் பட்டியலில் நான்கு பொருள்களையும் ஒரே தொகுதியாகக் காட்டாமல் தனித்தனியாக எழுதுங்கள்: உளியும் கோடரியும் செம்மண், கொழு கருமண் அடுக்கு, அரிவாள் குவியல், இடம் தெரியாது. ஓடுகளையும் குவியல் வாரியாகத் தனிப் பையில் போட்டு, பென்சிலில் எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். கருமண் குவியலில் கரித்துண்டு இருந்தால் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் மடியுங்கள். காகிதமும் பஞ்சும் வேண்டாம், அவற்றின் கரிமம் கலந்துவிடும். குட்டைச் சுவரை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, மழைக்கு முன்னால் சாம்பல் குழியின் மேல் தார்ப்பாய் போட்டு, மண்மூட்டைகளை முட்டுக்கொடுத்து வையுங்கள். அந்தப் பக்கத்தை அகலப்படுத்தும் வேலையைத் துறையினர் வந்து பார்க்கும்வரை தள்ளிவைக்க முடியுமானால், மற்ற மூன்று பக்கங்களிலும் நீங்கள் வேலையைத் தொடரலாம்.

நொய்யல்கரை எழுதியது:

மனு நாளை எழுதுகிறேன். காந்தத்தில் செதில்கள் ஒட்டுகின்றன, உருண்டைகளும் இருக்கின்றன. அவற்றைத் தனிப் பையில் போட்டுக் கருமண் குவியல் என்று சீட்டு வைத்துவிட்டேன். அந்தப் பக்கச் சுவரில் வேலையை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது.